டிசம்பர் 31 அன்று உள்ளே எத்தனை பேர்?

நாகர்கோவில் மாவட்டச் சிறையிலும் குழித்துறைக் கிளைச் சிறையிலும் இருப்பவர்களில் பெரும்பாலோர் விசாரணைக் கைதிகள். நீண்ட தண்டனை பெற்றவர்கள் பாளையங்கோட்டை மத்தியச் சிறைக்குப் போய்விடுவார்கள். ஆகவே இந்தச் சின்னச் சிறைகளில் ஆள் மாறிக்கொண்டே இருக்கும். ரிமாண்டில் ஒருவர் வருவார், ஜாமீனில் இருவர் போவார்.

மாலையில் அறைகளைப் பூட்டுமுன் தலைகளை எண்ணுவார்கள். காலையில் இருந்தவர்களோடு புதிதாக வந்தவர்களைக் கூட்டி, வெளியே போனவர்களைக் கழித்தால் பதிவேட்டோடு ஒத்துப்போக வேண்டும். ஒன்று உதைத்தாலும் மறுபடி எண்ண வேண்டியதுதான்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் 1995 முதல் ஆண்டுதோறும் சிறைப் புள்ளிவிவரம் வெளியிடுகிறது. மாநிலங்கள் அனுப்பும் விவரங்களைத் தொகுத்துத்தான் அது தயாராகிறது. 'இத்தனை பேர் சிறையில்' என்று பத்திரிகைகள் போடும் எண், டிசம்பர் 31 அன்றைய நிலவரம். ஆண்டு முழுவதும் உள்ளே கிடந்தவர் அந்தக் கணக்கில் தப்பவே மாட்டார். 15 நாள் இருந்து வெளியே வந்தவர் அதில் விழுவதற்கான வாய்ப்போ நூற்றுக்கு நான்குதான். 2019 கடைசி நாளில் நாடு முழுவதும் இருந்தவர்கள் 4,78,600 பேர். அந்த ஆண்டில் சிறைக்குள் சேர்க்கப்பட்டவர்களோ 18 லட்சத்துக்கும் மேல். இரண்டாவது எண்ணும் அதே அறிக்கையில்தான் இருக்கிறது, ஆனால் தலைப்புச் செய்தியில் ஏறுவதில்லை. அமெரிக்காவில் உள்ளூர்ச் சிறைகளைக் கணக்கெடுக்கும்போது ஒருநாள் எண்ணிக்கையோடு, ஆண்டின் தினசரிச் சராசரியையும் கேட்டு வாங்குகிறார்கள். ஆள்மாற்றம் அதிகமுள்ள இடத்துக்கு அதுவே பொருத்தமான அளவு.

நெரிசல் கணக்கில் இன்னொரு சிக்கல். இருப்பவர்களை அனுமதிக்கப்பட்ட கொள்ளளவால் வகுத்து, நூறால் பெருக்குவார்கள். மாதிரிச் சிறைக் கையேட்டின்படி பொதுக் கூடத்தில் தலைக்கு 3.71 சதுர மீட்டர். ஒரு கட்டில் போட்டு, அதைச் சுற்றி நடக்கும் அளவு இடம். 2022இல் இந்தியச் சராசரி 131.4 சதவீதம். தமிழ்நாடு அதே ஆண்டில் நூறுக்குக் கீழே. ஆனால் இது மாநிலத்தின் மொத்தக் கணக்கு. முக்கிய அட்டவணைகள் மாநிலவாரியாகவும் சிறை வகைவாரியாகவும் மட்டுமே வருவதால், ஒரு மத்தியச் சிறையில் காலியாகக் கிடக்கும் இடம், வேறொரு கிளைச் சிறையில் கால் நீட்ட முடியாமல் படுத்திருப்பவரின் நெருக்கடியைக் கணக்கில் சமன்செய்துவிடும். குழித்துறையில் இன்றிரவு எத்தனை பேர், எத்தனை பேருக்கு இடம் என்று அந்த அட்டவணைகளில் தேடினால் விடை கிடைக்காது.