பேய் அல்ல, நோய்!

பிள்ளை பிறந்த வீட்டில் எல்லோரும் சிரிக்கிறார்கள். பெற்றவள் மட்டும் அழுகிறாள். "காத்துக் கருப்பு" என்று வேப்பிலை அடிக்கிறார்கள்! (மாமியார்மார் கோபிக்க வேண்டாம்.)

முதல் சில நாள் அழுகை சகஜம். இரண்டு வாரம் தாண்டியும் தூக்கமில்லை, குழந்தை முகம் பார்க்கப் பிடிக்கவில்லை என்றால் அது நோய். குணமாகும் நோய்.

பிளவக்கல் மலையடிவாரத்திலிருந்து பச்சைப் பிள்ளையோடு பஸ் ஏறி மனநல டாக்டரைத் தேடுவது லேசா? முதலில் 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய 'டெலி மானஸ்' இது. நள்ளிரவிலும் தமிழில் பேசலாம், காசு கிடையாது.

நோய் கடுமையானால், பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் தாயும் சேயும் சேர்ந்தே தங்கிச் சிகிச்சை பெறலாம். 2009 முதல் இதற்குத் தனிப் பிரிவு உண்டு.

"செத்துவிடலாம்போல் இருக்கிறது" என்கிறாளா? அவளையும் குழந்தையையும் தனியே விடாதீர்கள். அன்றே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.