விடைபெற்ற 'த்ரீ நாட் த்ரீ'

வி.டி. ஸ்டேஷனில் மெயின் லைன் பிளாட்பாரங்களுக்கு முன்னால் உள்ள பெரிய கூடம் நம்மவர்களுக்குப் புதிது அல்ல. (இப்போதைய பெயர் சத்ரபதி சிவாஜி மகராஜ் டெர்மினஸ். நமக்கு இன்னும் வி.டி.தான்.) ஊர் ரயிலுக்காக மூட்டை முடிச்சோடு அங்கே தரையில் துண்டு விரித்துப் படுக்காத மும்பைத் தமிழர் எத்தனை பேர் இருப்பார்கள்?

2008 நவம்பர் 26. இரவு பத்து மணிக்குச் சற்று முன்பு அந்தக் கூடத்தில்தான் இரண்டு பயங்கரவாதிகள் ஏ.கே. ரகத் துப்பாக்கிகளால் ஜனங்களைச் சுட்டுத் தள்ளினார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். காவலுக்கு இருந்த போலீஸ்காரர்களில் சிலர் கையில் தடிதான் இருந்தது. சிலர் கையில் இருந்தது 'த்ரீ நாட் த்ரீ' துப்பாக்கி.

ரயில்வே பாதுகாப்புப் படையின் ஹெட் கான்ஸ்டபிள் ஜில்லு யாதவ், பக்கத்தில் இருந்த போலீஸ்காரரின் அந்தத் துப்பாக்கியை வாங்கிச் சுட்டார். பிறகு அங்கே கிடந்த நாற்காலியையும் தூக்கி எறிந்தார். அவருடைய தைரியத்துக்கு ஜனாதிபதி பதக்கம் கிடைத்தது. ஆனால் நாற்காலியை எறியும் நிலைக்கு ஒரு போலீஸ்காரர் ஏன் வந்தார் என்று கேட்டால், அந்தத் துப்பாக்கியின் கதையைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

தாழ்ப்பாள் துப்பாக்கி

குழாயின் உட்புறக் குறுக்களவு .303 அங்குலம். அதனால் வந்த பெயர் அது. துப்பாக்கியின் முழுப்பெயர் லீ என்ஃபீல்டு. லீ என்பது அதன் இயக்கத்தை வகுத்த ஜேம்ஸ் பாரிஸ் லீ. ஸ்காட்லாந்தில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்தவர். என்ஃபீல்டு என்பது லண்டன் பக்கத்தில் ஆயுதத் தொழிற்சாலை இருந்த இடம். நம் நாட்டில் அதிகம் புழங்கிய வகை 1907-ல் வந்தது. வங்காளத்தில் இச்சாப்பூர் தொழிற்சாலையில் இங்கேயே செய்தார்கள். சியால்டாவிலிருந்து ராணாகாட் போகும் லோக்கலில் போனால் இச்சாப்பூர் ஸ்டேஷன் வரும்.

அது வேலை செய்யும் விதம் வீட்டுக் கதவின் தாழ்ப்பாள் மாதிரி. கைப்பிடியைத் தூக்க வேண்டும், பின்னால் இழுக்க வேண்டும். சுட்ட தோட்டாவின் வெற்றுக் கூடு வெளியே தெறிக்கும். முன்னால் தள்ளினால் அடுத்த தோட்டா உள்ளே போகும். கைப்பிடியைக் கீழே மடக்கி, பிறகு விசையை இழுக்க வேண்டும். ஒவ்வொரு குண்டுக்கும் இத்தனை வேலை. ஐந்து தோட்டா கோத்த கிளிப் இரண்டை மேலிருந்து அழுத்தினால் பத்துத் தோட்டா நிரம்பும். பழகிய சிப்பாய் நிமிஷத்துக்குப் பதினைந்து முறை குறிபார்த்துச் சுடுவான். அந்தக் காலத்தில் அது பெரிய வேகம். ஏ.கே. துப்பாக்கியோ விசையை அழுத்திப் பிடித்தால் முப்பது குண்டை மூன்று நொடியில் கக்கிவிடும்.

வலுவில் குறை சொல்ல முடியாது. 1919 ஏப்ரல் 13-ந் தேதி ஜாலியன்வாலா பாக்கில் ஜெனரல் டயர் நிறுத்திய ஐம்பது பேர் கையில் இருந்தது இதே துப்பாக்கி. பத்து நிமிஷம் போல நடந்த அந்த வெறியாட்டத்தில் 1650 குண்டுகள். கணக்குப் போட்டால் ஆளுக்கு 33. பத்துத் தோட்டா கொள்ளும் துப்பாக்கியை ஒவ்வொருவனும் மூன்று முறை நிரப்பிக் காலி செய்து, நாலாவது தடவையும் நிரப்பியிருக்கிறான். செத்தவர்கள் 379 என்று அன்றைய சர்க்கார் சொன்னது. ஆயிரத்துக்கும் மேல் என்றது காங்கிரஸ் விசாரணை.

வெள்ளைக்காரன் போனான், துப்பாக்கி போகவில்லை. 1962-ல் இமயமலைப் பனியில் சீனரின் தானியங்கித் துப்பாக்கிகளுக்கு எதிரே நம் ஜவான்கள் பிடித்து நின்றது இதைத்தான். அதன் பிறகு ராணுவத்துக்கு எஸ்.எல்.ஆர். துப்பாக்கிகள் வரத் தொடங்கின. பழசு எங்கே போகும்? எந்த ஆபீசிலும் நடப்பதுதான். பெரிய அதிகாரிக்குப் புது நாற்காலி வந்தால் அவருடைய பழைய நாற்காலி கிளார்க்குக்கு வரும். கிளார்க்கின் கால் ஆடும் நாற்காலி வாசலில் இருக்கும் வாட்ச்மேனுக்குப் போகும். ராணுவம் வைத்துவிட்ட துப்பாக்கி, போலீஸ்காரருக்கும் ஊர்க்காவல் படைக்கும் என்.சி.சி. பையன்களுக்கும் கதியாயிற்று. நாற்காலி உடைந்தால் இடுப்புதான் பிடிக்கும். துப்பாக்கி விஷயம் அப்படியா?

அணிவகுப்பு அழகு

ஒன்றைச் சொல்ல வேண்டும். பரேடுக்கு இதைப் போல அழகான துப்பாக்கி வேறு இல்லை. நீளம் நாலடிக்குச் சற்றுக் குறைவு. எடை நாலு கிலோ. மூக்குவரை மரம், அடிக்கட்டையில் பித்தளைத் தகடு. 'சலாமி சஸ்த்ர' என்று குரல் எழுந்ததும் நூறு கைகள் ஒரே நேரத்தில் மரத்தில் அறையும் சத்தம் மைதானத்தின் அடுத்த கோடி வரை கேட்கும். இறந்துபோன வீரருக்கு வானத்தை நோக்கி மரியாதை வேட்டு முழங்கவும் பல இடங்களில் இதுதான் வந்தது.

அந்த மதிப்போடு மட்டும் அதை எப்போதோ நிறுத்தியிருக்கலாம். 2020 ஜனவரி 26-ந் தேதிதான், அதாவது வி.டி. ஸ்டேஷன் சம்பவம் நடந்து பதினோரு வருஷம் கழித்து, உத்தரப் பிரதேச போலீசார் லக்னோ குடியரசு தின அணிவகுப்பில் இதைக் கடைசியாகத் தோளில் ஏந்தி விடை கொடுத்தார்கள். இன்சாஸ், எஸ்.எல்.ஆர். துப்பாக்கிகள் இதன் இடத்துக்கு வந்தன.

பள்ளிக்கூடத்தில் நானும் இதைத் தூக்கியவன்தான். எங்களுக்குக் கொடுத்ததில் 'டி.பி.' என்று பொறித்திருக்கும். டிரில்லுக்கு மட்டும் என்று அர்த்தம். குழாயில் துளை போட்டு, தோட்டாவைத் தட்டும் ஊசியின் முனையையும் எடுத்துவிட்டிருப்பார்கள். அதனால் ஒரு காக்காயைக்கூடச் சுட முடியாது. வெயிலில் ஒரு மணி நேரம் தோளில் வைத்திருந்தால் காறை எலும்பு சிவந்துவிடும். ராத்திரி அம்மா அதில் தேங்காயெண்ணெய் தேய்ப்பாள். பரேடு முடிந்ததும் வரிசையாகப் போய் ஒப்படைக்க வேண்டும். வாத்தியார் ஒவ்வொரு துப்பாக்கியின் நம்பரையும் வாய்விட்டுப் படித்து, நோட்டில் குறித்து, எல்லாம் சரியாக வந்த பிறகுதான் சங்கிலி கோத்துப் பூட்டுவார். அதுவரை எங்களில் ஒருவரும் வீட்டுக்குப் போக முடியாது.