பாடசாலைத் தோட்டம் கோடையைக் கடத்தல்

ஆரம்பப் பாடசாலையில் காய்கறித் தோட்டம் இடுதல் புதிய யோசனையன்று. 1937-ஆம் ஆண்டில் வார்தாவில் காந்தியடிகளின் தலைமையில் கூடிய கல்வி மகாநாடு, குழந்தைகளின் படிப்பு கைத்தொழிலோடு இணைந்திருத்தல் வேண்டுமென்று தீர்மானித்தது. அதன்பின் தோட்டவேலை பல பாடசாலைகளில் ஒரு பாடமாகவே பயிலப்பட்டு வந்துள்ளது. எனினும், ஊக்கத்துடன் தொடங்கப்பெறும் தோட்டங்கள் பல, மறு ஆண்டைக் காண்பதில்லை என்பது கிராமவாசிகள் அறிந்ததே. ஆடியில் விதைத்து, புரட்டாசியில் காய் பறித்து, மாசிவரையில் செழித்திருந்த பாத்திகள், விடுமுறை கழிந்து ஜூன் மாதத்தில் குழந்தைகள் திரும்பும்போது, ஆடு கடித்த குச்சிகளாகவும் வெடித்த மண்ணாகவும் காட்சியளிக்கின்றன. இது விதையின் குற்றமன்று, உபாத்தியாயரின் குற்றமுமன்று. பாடசாலை மூடியிருக்கும் காலத்தில் தோட்டத்தைத் தம்முடையதாகக் கருதுவார் ஒருவரும் இல்லாமையே காரணம். இக்குறையை நீக்கவல்லது கிராமத்துக் கூட்டுறவுச் சங்கமேயாகும்.

பயன் யாது?

தமிழ்நாட்டில் 1956-ஆம் ஆண்டில் காமராஜரின் ஆட்சியில் பரவலாகத் தொடங்கப்பெற்ற மதிய உணவுத் திட்டம், 1982-இல் சத்துணவுத் திட்டமாக விரிவடைந்தது. ஆரம்ப வகுப்புக் குழந்தை ஒன்றுக்கு நாள்தோறும் 50 கிராம் காய்கறி சேர்தல் வேண்டுமென்பது மத்திய அரசு வகுத்துள்ள அளவு. 60 குழந்தைகள் உண்ணும் பாடசாலைக்கு இது 3 கிலோ ஆகும். சிறு தோட்டம் ஒன்று இதனை முழுவதும் ஈடுசெய்யும் என்று எதிர்பார்த்தல் தகாது. ஆயினும் வாரத்திற்கு ஒருநாள் அன்று பறித்த கீரையை உலையில் இடுவதற்கு அது போதும். கீரையிலுள்ள கரோட்டின் என்னும் சத்து உடம்பில் சேர்ந்து வைட்டமின் ஏ ஆக மாறுகிறது. இச்சத்துக் குறைந்த குழந்தைக்கு மாலைக்கண் உண்டாகிறது. அசட்டையாக விட்டால் பார்வையே அழிதலும் கூடும். கீரையைச் சிறிது எண்ணெய் சேர்த்துச் சமைத்தால்தான் இச்சத்து உடம்பில் நன்கு சேரும். வெந்த நீரைக் கொட்டிவிடுதலும் கூடாது.

பாத்தியும் பயிரும்

பாத்தியின் அகலம் 3 அடிக்கு மேற்படலாகாது. அப்பொழுதுதான் சிறு குழந்தையின் கை இருபுறமிருந்தும் நடுப்பாகத்தை எட்டும். பாத்தியை மிதிக்க நேராது. 12 அடி நீளமுள்ள அத்தகைய பாத்தி ஒன்று, மக்கிய எருவும் நீரும் குறையாதிருப்பின், ஏறக்குறைய 3 கிலோ சிறுகீரையைத் தரும். சிறுகீரை 25 நாளில் பறிப்புக்கு வந்துவிடும். ஆதலின் நான்கு பாத்திகள் அமைத்து, வாரத்திற்கு ஒன்றாக விதைத்துவந்தால், வாரந்தோறும் ஒரு பாத்தி அறுப்புக்கு ஆயத்தமாகும். விதை மிகப் பொடியாதலால் மணலுடன் கலந்து தூவி, பூவாளியால் மெல்ல நீர் தெளித்தல் வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நீர் தேங்காவண்ணம் பாத்திகளை அக்காலத்தில் உயர்த்திவிடுதல் அவசியம்.

எஞ்சிய இடத்தில் வெண்டையும் கொத்தவரையும் விதைக்கலாம். இவை 45 நாளளவில் காய்க்கத் தொடங்கும். பூச்சி கண்டால், அரைகிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, இரவு முழுவதும் நீரில் ஊறவைத்து வடிகட்டி, 10 லிட்டராகச் சேர்த்து, சிறிது சோப்புக் கரைத்து மாலையில் தெளித்தால் போதும். குழந்தைகள் நடமாடும் இடத்தில் நச்சு மருந்துகள் கூடவே கூடா.

வேலையைப் பங்கிடுவதில் நியாயம் வேண்டும். தண்ணீர் சுமத்தல் பெண்குழந்தைகளுக்கென்றும், எரு அள்ளுதல் இன்னாருடைய பிள்ளைகளுக்கென்றும் ஒதுக்கும் வழக்கம் பாடசாலையில் தலைகாட்டலாகாது. எல்லாக் குழந்தைகளும் எல்லா வேலையையும் முறைவைத்துச் செய்தல் வேண்டும்.

கோடைக்குரிய ஏற்பாடு

கோடையில் ஒரு சென்ட் நிலம் முழுவதையும் பசுமையாக வைக்க, நாளொன்றுக்கு ஏறக்குறைய 200 லிட்டர், அதாவது சுமார் 15 குடம் தண்ணீர் தேவை. பாடசாலை நடக்கும் காலத்தில் பல கைகள் கூடி இதனை எளிதில் முடிக்கின்றன. விடுமுறையில் இது இயலாத காரியம். ஆதலின் கீரை, வெண்டை முதலியவற்றைப் பங்குனிக்குள் பறித்து முடித்துவிட்டு, மண்ணின்மேல் உலர்ந்த சருகைப் பரப்பிவிடுதலே விவேகம்.

விடுமுறையில் காக்கவேண்டியவை முருங்கை, அகத்தி, பப்பாளி, கறிவேப்பிலை போன்ற நிலைப்பயிர்களே. இவற்றை ஆடியிலேயே நட்டுவிட்டால், சித்திரைக்குள் வேர் ஆழ இறங்கிவிடும். ஒவ்வொன்றின் அருகிலும் மெருகிடாத மண்பானை ஒன்றைக் கழுத்தளவு புதைத்து, நீர் நிரப்பி மூடிவைத்தால், நீர் சிறிது சிறிதாகக் கசிந்து வேருக்குச் சேரும். மூன்று நாளைக்கு ஒருமுறை பானையை நிரப்பிவரலாம்.

அங்கத்தினர் கணக்கிட்டுப் பார்ப்பாராக. விடுமுறை ஏறக்குறைய 40 நாள். மூன்று நாளைக்கு ஒருமுறை என்றால் 14 முறை. முறைக்கு இருவர் வீதம் 28 பேர். அஃதாவது, 28 அங்கத்தினர் ஆண்டுக்கு ஒரே ஒரு காலைப்பொழுதை ஈந்தால், பன்னிரண்டு மரங்கள் பிழைக்கும். இதற்கு ஆகும் பணச்செலவு ஒன்றுமில்லை.

சங்கம் செய்யத்தக்கது

முதலாவது, கோடை முறைப்பட்டியலை விடுமுறைக்கு முன்பே எழுதிச் சங்கக் கட்டடத்தில் ஒட்டுதல். தலைமையாசிரியரின் இசைவு பெற்று, தோட்டத்துப் படலின் சாவியையும் தண்ணீர்க் குழாயின் சாவியையும் காரியதரிசியிடம் வைத்தல். இரண்டாவது, வேலி. கிளுவைப் போத்துக்களை மழைக்காலத்தில் நெருங்க நட்டு, அவை தழைக்கும்வரை முள் அடைத்தால் ஆடுமாடு புகாது. மூன்றாவது, துணைவிதிகள் இடந்தருமாயின், மகாசபையின் தீர்மானத்தின்பேரில் விதைக்கும் பானைக்கும் ஒரு சிறுதொகை உதவுதல். நான்காவது, கணக்கு. பறித்தது எவ்வளவு, சமையலுக்குச் சென்றது எவ்வளவு என்பதைக் குழந்தைகளே ஒரு நோட்டில் எழுதிவரச் செய்தல் வேண்டும். ஊர்ப் பெரியவர் வீட்டிற்கு ஒரு கட்டுக் கீரை சென்றாலும் அது அந்நோட்டில் ஏறுதல் வேண்டும். கூட்டுறவின் முதற்பாடம் இதுவேயன்றோ?

1995-ஆம் ஆண்டில் சர்வதேசக் கூட்டுறவு ஐக்கியம் மான்செஸ்டர் நகரில் கூடி, சங்கம் தான் அமைந்துள்ள சமூகத்தின் நலனில் அக்கறை கொள்ளவேண்டும் என்பதைக் கூட்டுறவின் ஏழாவது கொள்கையாக ஏற்றது. அக்கொள்கையை நிறைவேற்றப் பெரிய மூலதனம் வேண்டுவதில்லை. தாம் ஊன்றிய விதை காய்ந்துகிடப்பதை ஜூன் மாதத்தில் காணும் குழந்தை, பெரியவர்கள் தொடங்கும் காரியங்கள் இத்தகையனவே என்று கற்றுக்கொள்கிறது. அதே குழந்தை, தான் நட்ட முருங்கை தழைத்து நிற்பதைக் காணுமாயின், தான் இல்லாதபோதும் ஊர் அதனைக் காத்தது என்று அறிந்துகொள்ளும். அக்குழந்தையே நாளைய அங்கத்தினர்.