தலைக்கு மேல் ஒரு வளையம்

உங்கள் வீட்டுப் பிள்ளை போர்முலா வன் கார்ப் பந்தயச் செய்திகளைத் தேடித்தேடிப் படிக்கிறானா? யார் முந்தினார், யாருக்கு எத்தனை புள்ளி என்று மனப்பாடமாய்ச் சொல்கிறானா? அவனோடு இதையும் பேசிப் பாருங்கள்.

2018ஆம் ஆண்டு பந்தயக் கார்களில் சாரதியின் தலையைக் காக்க டைட்டேனிய உலோக வளையமொன்று கட்டாயமாக்கப்பட்டது. ‘ஹேலோ’ என்பது அதன் பெயர். காரின் அழகே கெட்டுவிட்டதென்று ரசிகர்கள் பலர் முகஞ்சுளித்தனர். சாரதி ரொமைன் குரோஜானும் அதை எதிர்த்தவர்களில் ஒருவர்.

2020 நவம்பர் 29இல் பஹ்ரைன் பந்தயத்தின் முதற் சுற்றிலேயே அவரது கார் இரும்புத் தடுப்பைப் பிளந்து, இரண்டாக முறிந்து தீப்பற்றியது. ஏறத்தாழ 28 விநாடிகள் நெருப்புக்குள் இருந்தவர், கைகளில் தீக்காயங்களுடன் தாமாகவே வெளியே வந்தார். இரும்பு தலையில் மோதாமல் காத்தது அந்த வளையமே. மூன்று பிள்ளைகளின் தந்தையான அவர், தாம் வேண்டாமென்ற வளையமே தம்மைக் காப்பாற்றியதென்று மருத்துவமனையிலிருந்தே வெளிப்படையாகச் சொன்னார்.

சகோதரிகளே! ஹெல்மட் தலைமுடியைக் கலைக்கிறதென்று உங்கள் மகன் வெறுந்தலையோடு மோட்டார் சைக்கிளில் புறப்பட்டால், வாசலிலேயே நிறுத்தி அவனுக்கு இந்தச் சம்பவத்தை நினைவூட்டுங்கள்.