ஆறாம் வயதில் முளைக்கும் பல்

"பால்பல்தானே, சுவாமி! விழுந்து முளைக்கப் போவதற்கு வைத்தியம் எதற்கு?" என்று கேட்கும் பெற்றோரைச் சந்தியாத பங்குக் குருக்கள் அரியர். கல்வியறிவு இல்லாதோர் மட்டுமே இவ்வாறு கேட்கின்றனர் என்பதில்லை. பிறர் பிள்ளைகளுக்குப் பாடம் புகட்டும் ஆசிரியப் பெருமக்களும் கேட்கின்றனர்.

பிறர் நாவில் திவ்விய நற்கருணையை வைக்கும் பணி நமக்கு உண்டாகையால், மருத்துவர் அல்லாதார் காணாத ஒன்றை நாம் அடிக்கடி காண நேர்கிறது. புதுநன்மைக்கு வெள்ளுடை அணிந்து வரும் எட்டு வயதுச் சிறுவன் வாயைத் திறக்கிறான். கடைவாயில் ஒரு கருங்குழி தென்படுகிறது. உடையை வெளுத்த பெற்றோர் அதனைப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. அக்குழி விழுந்த பல் பால்பல்லாகவே இருக்க வேண்டும் என்பதுமில்லை.

இது பலர் அறியாத செய்தி. பால்பற்கள் மொத்தம் 20. ஏறத்தாழ ஆறு வயதில், எந்தப் பல்லும் விழாமலேயே, அவற்றின் வரிசைக்குப் பின்னால், மேலும் கீழும் இருபுறமும் ஒவ்வொன்றாக நான்கு கடைவாய்ப் பற்கள் முளைக்கின்றன. விழுந்த இடத்தில் முளைப்பதே நிலையான பல் என்று எண்ணிப் பழகிய தாய், இவற்றையும் பால்பற்கள் என்றே கொள்கிறாள். அவையோ வாழ்நாள் முழுதும் மெல்லுவதற்கென வந்தவை. ஒன்று போனால் அவ்விடத்தில் வேறு முளைப்பதில்லை. பள்ளங்கள் ஆழமாய் இருப்பதாலும், வாயின் கோடியில் இருப்பதாலும், முதலில் சொத்தையாவதும் பெரும்பாலும் இப்பற்களே.

பால்பற்களையும் அசட்டை செய்வதற்கில்லை. பால் கடைவாய்ப் பற்கள் 10 முதல் 12 வயது வரை பணிபுரிய வேண்டியவை. அவற்றை முன்னதாகப் பிடுங்க நேர்ந்தால், பக்கத்துப் பற்கள் அவ்விடத்தில் சாய்ந்து, பின்னர் வரும் பல்லுக்கு வழியின்றிச் செய்துவிடுகின்றன. கோணற் பல்லுக்குப் பாட்டன் வழியைப் பழிப்போர் இதனையும் எண்ணிப் பார்க்கலாம்.

பூச்சிப்பல் என்று நாம் சொன்னாலும் உள்ளே பூச்சி எதுவும் இல்லை. பல்லின்மேல் படியும் மெல்லிய காறையில் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் வாழ்கின்றன. நாம் உண்ணும் சர்க்கரையை அவை அமிலமாக மாற்ற, அந்த அமிலம் பல்லின் மேலோட்டைச் சிறிது சிறிதாகக் கரைக்கிறது. இதற்கு எதிராக இறைவன் அமைத்த காவல் உமிழ்நீர். அது அமிலத்தின் கடுமையைத் தணிக்கிறது. ஆனால், உறக்கத்தில் உமிழ்நீர் சுரப்பது பெரிதும் குறைந்துவிடுகிறது. இரவு மிட்டாய் தின்று உறங்கும் பிள்ளையின் வாய், காவலன் உறங்கும் தோட்டம் போன்றது. சர்க்கரையிட்ட பால் புட்டியை வாயில் வைத்தே குழந்தையைத் தூங்கச் செய்வது இன்னும் கேடானது.

காலையில் பல் துலக்காமல் காப்பி அருந்துவோனை நம் வீடுகளில் பழிக்கிறார்கள். இரவில் துலக்காமல் படுப்போனை யாரும் பழிப்பதில்லை! காலையில் துலக்குவதிலும் முன்னொரு காலத்தில் நம்மவர்க்கு ஒரு சங்கடம் இருந்தது. 1953 வரை, நள்ளிரவு முதல் தண்ணீரும் அருந்தாதிருந்தே நன்மை வாங்க வேண்டும் என்பது ஒழுங்கு. வாய் கொப்பளிக்கையில் ஒரு துளி உள்ளே போய்விடுமோ என்றஞ்சி, துலக்காமலே பூசைக்கு வந்தவர்கள் உண்டென மூத்தோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். அவ்வாண்டில் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர், தண்ணீர் அவ்வுபவாசத்தை முறிக்காது என்று அறிவித்து அவ்வச்சத்தைப் போக்கினார்.

ஆகவே, குடும்ப செபமாலை முடிந்ததும் பிள்ளைகள் நேரே படுக்கைக்குச் செல்லாமல், பல் துலக்கச் செல்வார்களாக. மென்மையான நாருள்ள சிறிய பிரஷ் போதும். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அரிசியளவும், அதற்கு மேற்பட்ட சிறுவர்க்குப் பட்டாணியளவும் புளோரைடு கலந்த பற்பசை போதுமானது. ஈறும் பல்லும் கூடுமிடத்தில் பிரஷைச் சாய்த்து வைத்து, மெல்ல, சிறு சிறு அசைவுகளாக இரண்டு நிமிடம் துலக்க வேண்டும். மரம் அறுப்பது போல் இழுத்தால் பல்லின் கழுத்துத் தேயும். உட்புறத்தையும் மெல்லும் பரப்பையும் மறத்தலாகாது. முடித்தபின் நுரையைத் துப்பினால் போதும். மிகுதியாகக் கொப்பளித்தால் புளோரைடின் பயன் கழுவப்பட்டுவிடும். அதன்பின் தண்ணீர் தவிர வேறெதுவும் வேண்டாம். எட்டு வயது வரை பிள்ளையின் கை இதற்குப் போதாது. தாயோ தந்தையோ பின்னால் நின்று துலக்கிவிடுதல் நன்று. செங்கற்பொடியும் மணலும் பாத்திரத்துக்கு ஆகலாம், பல்லுக்கு ஆகா.

தருமபுரிப் பக்கத்து மக்கள் புளோரைடு என்றதும் அஞ்சுகிறார்கள். அவர்கள் அச்சத்தில் நியாயம் உண்டு. அங்கு நிலத்தடி நீரில் அது அளவு மிஞ்சியிருந்ததால் பற்களில் பழுப்புக் கறை படிந்தது. அது நாள்தோறும் குடித்த நீரால் வந்த கேடு. பட்டாணியளவு பசையைத் துலக்கித் துப்புவது வேறு. குழந்தை அதனை விழுங்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

பிள்ளைக்கு ஆறு வயது நிறைந்ததும், ஒரு விளக்கொளியில் அதன் வாயைப் பாருங்கள். முன்பற்களின் நடுவிலிருந்து ஒருபுறமாக எண்ணினால் ஆறாவதாக நிற்பது அந்தப் புதிய பல். அதன் பள்ளங்களில் கருமை தென்பட்டால் தாமதியாமல் பல் மருத்துவரிடம் காட்டுங்கள். அரசுத் தலைமை மருத்துவமனைகளில் பல் பிரிவு உண்டு. தொடக்கத்திலேயே சென்றால் சிறு குழியை அடைத்து அனுப்பிவிடுவர். கன்னம் வீங்கிய பின் சென்றால், பெரும்பாலும் பிடுங்குவதே வழியாகிறது.