மருத்துவமனையினின்று வீடு திரும்பிய பின்

நெசவுத் தெருக்களிலும் கழனி சூழ்ந்த சிற்றூர்களிலும் மூச்சிரைப்பால் துன்புறும் முதியோரைக் கண்டிராதார் நம்மில் இலர். பல்லாண்டுகள் புகைபிடித்தோர், விறகடுப்பின் முன் வாழ்நாளைக் கழித்த தாய்மார், நூற்பாலைகளில் பஞ்சுத் தூசியைச் சுவாசித்துப் பணிபுரிந்தோர் ஆகியோரில் பலருக்கு நுரையீரலின் காற்றுக் குழல்கள் நாளடைவில் சுருங்கிவிடுகின்றன. உட்சென்ற காற்று முழுவதும் வெளிவராமல் தங்கிவிடுகிறது. மருத்துவர்கள் இந்நோயைச் சி.ஓ.பி.டி. என்று சுருக்கமாக அழைப்பர். இது அறவே நீங்கும் நோயன்று. எனினும் அடக்கி வைக்கத்தக்க நோயே.

இந்நோயுடையவர் சளிக் காய்ச்சல் முதலியவற்றால் திடீரென மூச்சுத் திணறி மருத்துவமனையில் சேர்க்கப்படுவதும், தேறி வீடு திரும்புவதும், சில வாரங்களிலேயே மீண்டும் அங்குக் கொண்டு செல்லப்படுவதும் பல நாடுகளில் காணப்படும் நிலைமையாகும். அமெரிக்காவில் அரசு மருத்துவக் காப்பீடு பெற்ற முதியோருள் இவ்வாறு திரும்பியவரில் ஏறத்தாழ ஐவரில் ஒருவர் 30 நாட்களுக்குள் மீண்டும் சேர்க்கப்பட்டதாகக் கணக்கிட்டனர். அத்தகையோர் மிகுதியாகவுள்ள மருத்துவமனைகளுக்குத் தரும் தொகையைக் குறைக்கும் விதியை 2014 அக்டோபரில் இந்நோய்க்கும் விரிவாக்கினர்.

இதற்குக் காரணம் யாது? மருத்துவமனையில் வேளை தவறாது மருந்து கொடுக்கச் செவிலியர் இருக்கின்றனர். வீட்டிலோ பழைய மருந்துச் சீட்டும் புதிய சீட்டும் ஒரே பெட்டியில் கிடக்கின்றன. இன்ஹேலரை உறிஞ்சும் முறையை ஒருமுறை பார்த்தவர் மறுநாள் மறந்துவிடுகிறார். மருந்து நுரையீரலுக்குப் போகாமல் தொண்டையிலேயே படிந்துவிடுகிறது. மருத்துவமனையில் செய்த மாற்றங்கள் ஊர் டாக்டருக்குத் தெரிவதில்லை. பல நாள் படுக்கையில் இருந்தமையால் கால் தசைகளும் வலுவிழந்து, நாலடி நடந்தாலும் இளைப்பு உண்டாகிறது. மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் இடையே உள்ள இந்த இடைவெளியை அடைப்பவர் எவருமில்லை என்பதே குறைபாடு.

இதனை அடைக்க முயன்ற மூன்று நாடுகளின் அனுபவத்தை இங்கே எடுத்துரைப்பது பயன் தரும். கனடாவின் கியூபெக் மாநிலத்தில் 7 மருத்துவமனைகளைச் சார்ந்த 191 நோயாளரைக் கொண்டு நடத்திய ஆராய்ச்சியின் முடிவு 2003-இல் வெளியாயிற்று. அவர்களுள் ஒரு சாராரின் வீடுகளுக்குப் பயிற்சி பெற்ற ஊழியர் ஒருவர் சுமார் இரண்டு மாத காலம் வாரந்தோறும் சென்று கற்பித்தார். பின்னர் மாதந்தோறும் தொலைபேசியில் விசாரித்தார். ஓராண்டில் நோய் முற்றி மருத்துவமனை சேர்வது அச்சாராரிடம் நூற்றுக்கு ஏறத்தாழ 40 குறைந்தது.

ஆயினும் கற்பித்தால் மட்டும் போதும் என்று எண்ணிவிடலாகாது. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான 20 மருத்துவமனைகளில் இதனையொத்த முயற்சி ஒன்று தொடங்கப்பட்டது. பாடங்கள் நடத்தி, நோய் முற்றினால் உட்கொள்ள வேண்டிய மருந்துகளையும் முன்கூட்டியே வீட்டில் கொடுத்து வைத்தனர். 426 பேர் சேர்ந்திருந்த நிலையில் அம்முயற்சி இடையிலேயே நிறுத்தப்பட்டது. பயிற்சி பெற்றோரில் 28 பேரும் பெறாதோரில் 10 பேரும் இறந்திருந்தனர். இவ்வேற்றுமைக்குத் தெளிவான காரணம் புலப்படவில்லை என்று 2012-இல் வெளியான அறிக்கை கூறுகிறது.

அதே 2012-இல் ஸ்காட்லாந்தின் மேற்குப் பகுதியிலிருந்தும் ஓர் ஆராய்ச்சி வெளியாயிற்று. அங்கு மருத்துவமனையினின்று திரும்பிய 464 பேரைக் கவனித்தனர். பயிற்சி பெற்றோரையும் பெறாதோரையும் மொத்தமாக ஒப்பிட்டபோது பெரிய வேற்றுமை தென்படவில்லை. ஆனால் பயிற்சி பெற்றோருள் நூற்றுக்கு 42 பேர் தம் நோயைத் தாமே கவனிக்க நன்கு கற்றுக்கொண்டனர். அவர்களே மருத்துவமனைக்குக் குறைவாகத் திரும்பினர். அவர்கள் மற்றவரினும் வயதில் இளையோராகவும், பெரும்பாலும் பிறருடன் சேர்ந்து வாழ்வோராகவும் இருந்தனர். தனித்து வாழும் முதியவரிடம் சீட்டையும் மருந்தையும் கொடுத்துவிட்டு நம் கடமை முடிந்தது என்று இருக்கலாகாது என்பதே இவற்றினின்று நாம் கொள்ளத்தக்க பாடம்.

ஆதலின் நோயாளர் வீடு திரும்பும் நாளிலேயே வீட்டில் பொறுப்புள்ள ஒருவரைக் குறிப்பிட்டு வைத்தல் நன்று. அவர் செய்ய வேண்டுவன பின்வருமாறு:

முதலாவது, எம்மருந்து தொடரும், எது நின்றது, எது புதியது என்று ஒரே தாளில் மருத்துவமனையிலேயே எழுதி வாங்கி, அதனை ஊர் டாக்டரிடம் காட்டுதல். நோய் முற்றிய காலத்தில் கொடுக்கும் ஸ்டீராய்டு மாத்திரை பெரும்பாலும் ஐந்து நாட்களுக்கே உரியது. இதம் தருகிறது என்று கடையில் வாங்கித் தாமே தொடர்வது எலும்புக்கும் சர்க்கரை நோய்க்கும் கேடு விளைவிக்கும்.

இரண்டாவது, நோயாளர் இன்ஹேலர் உறிஞ்சுவதைச் செவிலியர் முன் செய்து காட்டச் சொல்லித் திருத்தம் பெறுதல். ஸ்டீராய்டு கலந்த இன்ஹேலராயின் உறிஞ்சியபின் வாய் கொப்பளித்தல் வேண்டும்.

மூன்றாவது, ஒரு மாதத்திற்குள் ஒருமுறையும், மூன்று நான்கு மாதங்களில் மறுமுறையும் டாக்டரைக் காணுதல். மூச்சுப் பயிற்சியும் நடைப்பயிற்சியும் கற்பிக்கும் வசதி உண்டா என்று அப்போதே விசாரித்தல். வாட்டம் தீர்ந்த பின் பயிலலாம் என்று தள்ளிப்போடலாகாது. திரும்பிய முதல் மாதத்திலேயே தொடங்குவது நலம். இன்ஃபுளுவென்சா, நிமோனியா தடுப்பூசிகளைப் பற்றியும் கேட்டறிதல் வேண்டும்.

நான்காவது, அபாயக் குறிகளை அறிந்து வைத்தல். வழக்கத்தினும் மிகுந்த இளைப்பு, சளி பெருகுதல், அதன் நிறம் மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறுதல் ஆகியவை தோன்றின் அன்றே டாக்டரிடம் தெரிவித்தல். உதடு நீலம் பாய்தல், பேச்சுத் தடைப்படுதல், மயக்கம், குழப்பம் ஆகியவை தோன்றின் ஒரு கணமும் தாமதியாது 108-ஐ அழைத்தல்.

வீட்டில் பிராணவாயு வைத்துக்கொள்ளுதல் எல்லோருக்கும் வேண்டுவதன்று. இரத்தத்தில் அது மிகவும் குறைந்தோருக்கே டாக்டர் எழுதிக் கொடுப்பார். அவர்கள் நாளொன்றுக்கு 15 மணி நேரமேனும் சுவாசித்தால் ஆயுள் நீடிக்கும் என்பதைப் பிரிட்டிஷ் மருத்துவர்கள் 1981-இல் நிறுவினர். பிராணவாயு உள்ள அறையில் அடுப்போ, விளக்குச் சுடரோ, பீடியோ இருத்தல் பெருந்தீக்கு வழிகோலும்.

பஞ்சுத் தூசி பறக்கும் இடத்திலும், நெல் தூற்றும் களத்திலும், புகையடுப்பின் அருகிலும் நோயாளரை இருத்தலாகாது. புகைபிடிப்பவர் அதனை விட்டொழித்தலினும் சிறந்த மருந்து இந்நோய்க்கு இல்லை.

கூட்டுறவு என்பது பாவு நூலும் விதைநெல்லும் பெறுவதற்கு மட்டும் உரியதன்று. தம் தெருவில் மருத்துவமனையினின்று திரும்பிய அங்கத்தினர் எவரேனும் தனித்து இருப்பாராயின், அண்டை வீட்டார் ஒருவர் அவருடைய மருந்துத் தாளைப் படித்து, வாரம் ஒருமுறையேனும் விசாரித்து, குறித்த நாளில் டாக்டரிடம் அழைத்துச் செல்லலாம். இதற்குச் சங்கத்தின் நிதி வேண்டியதில்லை. யார் அந்த ஒருவர் என்பதை முன்னரே முடிவு செய்துகொள்வது மட்டுமே வேண்டும்.