சுண்ணாம்புக் குழியிலும் சாகாத நொதி

சித்தேரி மலையில் கடுக்காய் பொறுக்குவோரைப் பார்த்தவர்கள் நம்மில் பலர் உண்டு. அக்கடுக்காய் மருந்துக்கு மட்டும் பயன்படுவதன்று. தோல் பதனிடுவோருக்கும் வேண்டிய சரக்கு. அதன் துவர்ப்புக்குக் காரணமான டானின், தோலிலுள்ள கொலாஜன் என்னும் புரதத்தைப் பற்றிக்கொண்டு அதை அழுகவிடாமல் காக்கிறது. ஆனால் துவர்ப்பு ஏறுமுன் தோலிலிருந்து முடி நீங்க வேண்டும். பெருந்தொல்லை அங்கேதான் தொடங்குகிறது.

வழக்கமான முறையில், சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் கலந்த நீரில் தோலை ஊறவைப்பார்கள். அந்நீரின் பி.எச். அளவு ஏறத்தாழ 12, கடுங்காரம். சல்பைடு முடியைக் கூழாக்கிவிடும். கூழ் கழிவுநீரோடு போகும். அக்கழிவில் அமிலம் சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்பைடு வாயு கிளம்பும். முதலில் அழுகிய முட்டை நாற்றம். செறிவு மிகுந்தாலோ மூக்கு மரத்து நாற்றமே தெரியாது. கழிவுத் தொட்டியில் இறங்குபவர் ஆபத்தை உணருமுன் வீழ்வது இதனால்தான். பாலாற்றங்கரையில் வாணியம்பாடி, ஆம்பூர் முதலிய ஊர்களின் நிலத்தடி நீர் கெட்ட கதையை அனைவரும் அறிவர். மாசு செய்தவரே ஈடு செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளித்ததும் அவ்வழக்கில்தான்.

சல்பைடுக்கு மாற்று உண்டா? உண்டு, என்சைம் எனப்படும் நொதி. தோல் தொழிலுக்கு நொதி புதிதன்று. முடி நீக்கிய தோலை மென்மையாக்க முற்காலத்தில் நாய்ச்சாணமும் புறா எச்சமும் பயன்பட்டன (முகஞ்சுளிக்க வேண்டாம், வரலாறு அப்படி!). 1907-இல் ஜெர்மானிய வேதியியலர் ஓட்டோ ரோம், அவற்றுக்குப் பதிலாக விலங்கின் கணைய நொதியைப் பயன்படுத்தக் காட்டினார். நம் வேலியோர எருக்கம்பாலில் உள்ள நொதியும் முடியைக் கழற்ற வல்லது; சென்னையிலுள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் இதனை ஆராய்ந்துள்ளது.

முடியின் வேரைச் சுற்றிப் பசைபோல் நிற்கும் புரதங்களை நொதி கரைக்கிறது. முடி கூழாகாமல் முழுதாகக் கழன்று வரும். அதை வடிகட்டி எடுத்துவிடலாம். ஆனால் நொதியும் ஒரு புரதமே. சூடு பட்ட முட்டையின் வெள்ளைக்கரு உருமாறுவதுபோல், கடுங்காரத்தில் சாதாரண நொதியின் மடிப்புக் குலைந்து செயலற்றுப் போகும்.

அப்படியானால் காரத்திலேயே வாழும் உயிரிடம் கேட்போம். மகாராஷ்டிரத்தின் லோணார் ஏரி, விண்கல் விழுந்த பள்ளத்தில் தேங்கிய சோடா ஏரி. அதன் நீரின் பி.எச். 10-ஐ ஒட்டியது. அங்கும் பாக்டீரியாக்கள் செழித்து வாழ்கின்றன. இவற்றிடம் ஒரு விந்தை உண்டு. செல்லின் உட்புறத்தை இவை அவ்வளவு காரமாக விடுவதில்லை. ஆகவே உள்ளே இருக்கும் நொதிகளுக்குக் காரம் தாங்கும் வலிமை பெரிதாக வேண்டியதில்லை. உணவைச் செரிக்கச் செல் வெளியே உமிழும் நொதிகளே காரத்தை நேருக்கு நேர் சந்திக்கின்றன. நமக்கு வேண்டியவையும் அவைதாம். ஜப்பானிய அறிஞர் கோகி ஹோரிகோஷி, காரம் விரும்பும் பாசில்லஸ் ஒன்றின் புரதம் சிதைக்கும் நொதியைப் பற்றி 1971-இல் எழுதினார். இவ்வகை நொதிகள் இன்று சலவைத் தூளிலும் உள்ளன. இதற்காக ஏரிக்குக் குடத்துடன் ஓட வேண்டியதில்லை. பாக்டீரியாவைத் தொட்டியில் வளர்த்து, அது உமிழ்ந்ததைப் பிரித்தெடுத்தால் போதும்.

பின் ஏன் சல்பைடு ஒழியவில்லை? அது மலிவானது, கைப்பழக்கத்துக்கு அடங்கியது. நொதிக்கோ வெப்பம், நேரம், காரம் மூன்றும் கணக்காக அமைய வேண்டும். அது கொலாஜனைத் தொடாத வகையாகவும் இருக்க வேண்டும். தவறினால் முடியோடு தோலின் மேற்பரப்பும் அரிக்கப்பட்டு, சரக்கு விலை போகாது. நட்டத்துக்கு அஞ்சும் சிறு முதலாளியைக் குறை கூறுவது எளிது. ஆகவேதான் முழுவதும் மாறத் தயங்குவோர், நொதியைச் சேர்த்துச் சல்பைடின் அளவைக் குறைக்கும் இடைவழியை நாடுகின்றனர். சுண்ணாம்பின் காரம் அப்போதும் தொட்டியில் இருக்கும். அதைத் தாங்கி வேலை செய்யும் நொதிக்குத்தான் அங்கே இடம்.